ஸனதும் இணைப்பானும்

பிறர் வாயிலாக வந்தடையும் செய்தியை எப்போது அறிவென ஏற்கலாம் என்னும் கேள்வி ஹதீஸ் கலைக்கு அடித்தளமாக இருப்பது போலவே, வலையமைப்பு நிரலை ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்பவர் முன்னும் எழுகிறது. இவ்விரு கல்விகளையும் இலங்கையின் அம்பாறைக் கரையோரத்திலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் இஸ்லாமியக் கற்கைகள் பீடத்திலும் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்திலுமாகப் பயிற்றுவிக்கிறது.

சீ மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பான், ‘சொக்கட்’ என்ற செயற்கூறு தலைப்புக் கோப்பில் அறிவிக்கப்பட்டிருந்தால், அது எங்கே உள்ளதென்று கேளாமலே பெயரை ஏற்றுக்கொள்கிறது. அடுத்து வரும் இணைப்பானோ அப்பெயருக்குரிய நிரற்பகுதியைத் தேடிப் பொருத்த வேண்டிய மென்பொருள் ஆதலால், வெறும் அறிவிப்போடு அமைவதில்லை. லினக்ஸில் அப்பகுதி அடிப்படை சீ நூலகத்திலேயே இருப்பதால் சிக்கல் எழுவதில்லை; ஹைக்கூ இயங்குதளத்தில் அது ‘நெட்வர்க்’ என்ற தனி நூலகத்திலும், பழைய சொலாரிஸில் ‘சொக்கட்’, ‘என்எஸ்எல்’ என்ற நூலகங்களிலும் பிரிந்து கிடப்பதால், எழுத்துப் பிழை ஏதுமற்ற நிரலும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. உரிய நூலகத்தின் பெயரைக் கட்டளையில், அதை வேண்டிநிற்கும் கோப்புகளுக்குப் பின்னால் சேர்ப்பதே திருத்தம்.

அதுபோலவே, நபிமொழியாகிய ஹதீஸின் வாசகம் எவ்வளவு செம்மையாயினும், அதைக் கொண்டுவந்த அறிவிப்பாளர் தொடராகிய ஸனது இடையில் அறுந்திருந்தால், ஹதீஸ் அறிஞர்களாகிய முஹத்திஸ்கள் அதனை முன்கதிஃ என்று வகுத்துப் பலவீனமானதாகக் கொள்வர். ‘இன்னாரிடமிருந்து’ என்று மட்டும் சொல்லப்படும் அறிவிப்பில், சொல்பவரும் அவர் பெயர் குறிப்பவரும் ஒரே காலத்தவராய்ச் சந்தித்திருக்கக் கூடியவராய் இருத்தல் போதும் என்று, 875இல் மறைந்த இமாம் முஸ்லிம் ஸஹீஹ் என்ற தம் ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையில் வாதிட்டார். ஒரு முறையேனும் சந்தித்தமை நிறுவப்பட வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையை அறிஞர்கள் இமாம் புகாரியோடு தொடர்புபடுத்துவர். இணைப்பான் இரண்டாம் தரப்பையே ஒத்தது. எனினும் முஸ்லிமின் நிலைப்பாட்டைத் தொகுப்பானின் கேள்வியற்ற ஏற்போடு சமமாக வைப்பது அநீதி, ஏனெனில் அவர் அறிவிப்பாளரின் நம்பகத்தை ஆராய்ந்த பின்னரே அச்சலுகையை வழங்கினார்.

பிழைச் செய்தியை அடக்கும் அவசரத்தில் ‘சொக்கட்’ என்ற பெயரில் வெற்றுச் செயற்கூறொன்றை எழுதிச் சேர்ப்போர் உண்டு. நிரல் உருவாகிவிடும், ஆனால் எந்த வலையமைப்பையும் தொடாது. நேரில் கேளாததைக் கேட்டது போலத் தோன்றச் சொல்லும் தத்லீஸை ஹதீஸ் அறிஞர்கள் வன்மையாகக் கண்டித்ததும், இடைவெளியை விட அதன் மறைப்பே அதிகம் கெடுக்கும் என்பதால்தான்.

ஆயினும் இணைப்பான் முஹத்திஸ் அல்ல. அது சீ நிரலில் பெயரை மட்டுமே ஒப்பிடுவதால், அதே பெயரைத் தாங்கிய வேறொரு நூலகத்தையும் தடையின்றி ஏற்கும். அறிவிப்பாளரின் அதாலத் எனப்படும் நேர்மையும், ழப்து எனப்படும் நினைவுத் துல்லியமும் அதன் அறிவுக்கு எட்டாதவை. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்னும் சுருக்க நூலகத்தில் களவுவாயில் கண்டறியப்பட்டபோது எந்த இணைப்பும் அறுந்திருக்கவில்லை. நீண்ட காலம் உழைத்து நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளர் ஒருவரின் பெயராலேயே அது உள்ளே நுழைந்திருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தை விட அரை வினாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்து, காரணத்தை விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளரே அதை வெளிக்கொணர்ந்தார்.