ஊருக்கு மட்டும் உபதேசம்

தோழி வீட்டுச் சண்டைக்கு நொடியில் தீர்வு சொல்கிறோம். அதே சண்டை நம் வீட்டில் வந்தால் புத்தி மழுங்கிவிடுகிறது.

உளவியலாளர்கள் ஈகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் இருவரும் 2014-இல் இதற்கு 'சாலமோன் முரண்' என்று பெயரிட்டார்கள். ஊருக்கெல்லாம் நீதி சொன்ன சாலமோன் மன்னர், சொந்த வாழ்க்கையில் சறுக்கியவர். அவர்களின் ஆய்வில், தன் துணையோ நண்பரின் துணையோ துரோகம் செய்ததாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, நண்பருக்காக யோசித்தவர்கள் மறுபக்கத்தையும் எடைபோட்டார்கள், சமரசம் தேடினார்கள். தனக்காக யோசித்தவர்களிடம் அந்த நிதானம் குறைந்தது. வயதும் கைகொடுக்கவில்லை, 60 தாண்டியவர்களும் இளைஞர்களைப் போலவே தடுமாறினார்கள். தன் பிரச்சினையை மூன்றாம் மனிதராக விலகி நின்று பார்க்கச் சொன்னதும் வித்தியாசம் மறைந்தது.

வளரும் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. மோதல்களை அணுகும் பக்குவம் அமெரிக்கர்களிடம் வயதோடு கூடியது. ஜப்பானியர்களிடம் இளமையிலேயே தென்பட்டது என்கிறது கிராஸ்மன் குழுவின் 2012 ஆய்வு. ஆக, விவேகம் பிறவிக் குணமல்ல, பழக்கம்.

கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுத உட்காரும்போது, 'நான் என்ன செய்வது?' என்று கேட்காதீர்கள். உங்கள் பெயரையே சொல்லி, 'இவர் என்ன செய்தால் நல்லது?' என்று கேளுங்கள்.