தலைக்கணக்கு

எண்ணிக்கையைக் கண்டு மனிதன் இவ்வளவு பயபக்தியோடு கைகட்டி நின்ற காலம் முன்பு ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டு நன்றாயிருக்கிறதா என்று கேட்டால், "எத்தனை கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா?" என்று பதில் வருகிறது. கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. இரண்டும் ஒன்றேதான் என்று நாம் நம்பிவிட்டோமோ என்பது என் சந்தேகம்.

'என்ஜாய் என்ஜாமி' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச் 7-ஆம் தேதி யூடியூபில் வந்தது. பாடியவர்கள் தீ, அறிவு இருவரும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். எந்தச் சினிமாவுக்காகவும் பிறந்ததல்ல. கதாநாயகனும் கதாநாயகியும் மரத்தைச் சுற்றி வராமலே தமிழில் ஒரு பாட்டு ஊரெல்லாம் பரவுவது சாமானியமா? அதன் பார்வைக் கணக்கு 40 கோடியைத் தாண்டியது. அந்த எண்ணை நான் இகழவில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டு எங்கள் அபிஷேகப்பாக்கத்து வயல்வரப்பு வரைக்கும் வந்து சேர்ந்திராது.

ஆனால் பாட்டு யாரைப் பற்றியது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த வள்ளியம்மாள் என்ற மூதாட்டி, அறிவின் பாட்டி. அவளுடைய சனங்களையும் ஒருகாலத்தில் எண்ணினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது கணக்கு 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று ஒத்திவைத்தார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஒரு பித்தளை அண்டாவைக்கூட இவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது; "இது அம்மா கொண்டுவந்தது" என்று யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள்.

அதற்கும் முன்னால் தராசு. பறித்த கொழுந்தை நிறுத்து, கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்துக்கொண்டு கணக்கப்பிள்ளை எழுதிய எண்தான் அவர்கள் அன்று உழைத்த உழைப்பு.

எங்கள் தெருவில் சாவு வீடுகளுக்குப் போய் ஒப்பாரி பாடுகிற ஆயா ஒருத்தி உண்டு. அவள் பேரன் ஒருநாள் போனில் இந்தப் பாட்டை வைத்தான். அதில் வரும் ஒப்பாரி இழுப்பைக் கேட்டதும், "யாருடா செத்துட்டாங்க?" என்றாள்.

"யாரும் சாவல ஆயா. இது ஆடுற பாட்டு. நாப்பது கோடிப் பேரு பாத்துட்டாங்க."

"அத்தினி பேரும் அழுதாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. அவள் தொழிலில் அளவுகோல் அது ஒன்றுதான். பந்தலில் எத்தனை பேர் என்பதல்ல. காலையிலிருந்து கல்லாய் உட்கார்ந்திருந்த மகள் வாய்விட்டு அழுதாளா என்பது. பையன் சொன்னதும் சரியல்ல. அது ஆட்களின் எண்ணிக்கையே அல்ல. ஒருவனே பத்து முறை பார்த்தாலும் பத்து. தன் பாட்டியை நினைத்துக் கண் கலங்கியவளும், விரலால் தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனவனும் அங்கே ஒன்றுதான். இதுவும் ஒரு சமத்துவம் என்று வாதிடுவோர் உண்டு. வாக்குச்சீட்டுக்கு அது சரி. பாட்டுக்கு எப்படிச் சரியாகும்?

2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. அது யாருடைய உழைப்பு என்று அதன்பின் சர்ச்சை எழுந்தது. 2024 மார்ச்சில், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று கேட்கலாம். பார்த்த கணக்கை உலகத்துக்கெல்லாம் விரித்துக் காட்டுகிறார்களே, பாடியவருக்குச் சேரவேண்டிய கணக்கை மட்டும் ஏன் கணக்கப்பிள்ளையின் நோட்டைப் போல மூடியே வைத்திருக்கிறார்கள்?