சுவரில் தொங்கும் சாட்சி

பழங்காலக் கட்டடம் ஒன்றின் அச்சுப்படத்தை வாங்கி, சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டுவது இங்கிலாந்தின் பழைய ஊர்களில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம். அப்படி மாட்டுகிறவர் அந்தக் கட்டடத்தின் மீது ஒரு பொறுப்பை ஏற்கிறாரா, அல்லது படம்தான் கைக்கு வந்துவிட்டதே, கட்டடம் எக்கேடு கெட்டால் என்ன என்று இருந்துவிடுகிறாரா? படத்தை அலங்காரமாக வைத்துக்கொண்டால் அது நம் மனச்சாட்சியைத் தாலாட்டிவிடும் என்றும், சாட்சியாக வைத்துக்கொண்டால் உறங்கவிடாது என்றும் நினைக்கிறேன். இப்படி நினைக்க எனக்குக் காரணம் யார்க் நகரம்.

ரோமானியர் கி.பி. 71இல் நிறுவிய ஊர் அது. இடைக்காலத்து மதில் இன்றும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது. அங்கே கோட்டைவாசலுக்குப் பெயர் 'பார்'. 'கேட்' என்றால் தெரு. 1800இல் நகராட்சி இந்த மதிலை இடிக்க நாடாளுமன்றத்தின் அனுமதியை நாடியது. பராமரிப்புச் செலவு ஒருபுறம், வண்டிகள் நுழையத் திணறும் குறுகிய வாசல்கள் மறுபுறம். இந்த இழுபறி ஓயாத காலத்தில்தான், 1813இல், ஹென்றி கேவ் என்ற ஓவியர் நகரின் பழைய கட்டடங்களை 'எட்சிங்' முறையில் அச்சிட்டுத் தொகுப்பாக வெளியிட்டார். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மையைத் தேய்த்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம். தாளில் இடம் வலமாக மாறி விழும் என்பதால், தெருவை உள்ளபடியே காட்ட விரும்புகிறவர் தகட்டில் அதைத் திருப்பி வரைந்தாக வேண்டும். எந்தச் சன்னல் எந்தப் பக்கம், எந்த உத்தரம் எங்கே சாய்கிறது என்று கல் கல்லாகப் பார்க்காமல் இந்த வேலை நடக்காது. அச்சுப்படத்துக்குச் சாட்சி சொல்லும் தகுதியைத் தருவது இந்தப் பார்வைதான்.

ஆனாலும் 1826இல் மிக்கில்கேட் பாரின் முன்னரணை இடித்துத் தள்ளினார்கள். படம் வந்து பதின்மூன்று ஆண்டு ஆகியும் கல்லைக் காக்க முடியவில்லையே, படத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படம் தானாக எதையும் காப்பதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட ஆள் வேண்டும். யார்க்கில் பிறந்து, சிறுவயதில் ஹல் நகர அச்சகம் ஒன்றில் ஏழாண்டு தொழில் பயின்று, பின்னாளில் ஓவியராகப் புகழ்பெற்ற வில்லியம் எட்டி, மதிலைக் காப்பாற்ற ஓயாமல் குரல் கொடுத்தார். அவரைப் போன்றவர்கள் போராடியதால் மதில் பிழைத்தது. வால்ம்கேட் பார் தன் முன்னரணோடு இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தின் நகர வாசல்களில் வேறெதற்கும் அந்தப் பேறு இல்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தப் படங்கள் பழமைக்குப் பொய்யான அழகு பூசுகின்றன என்பது அது. யார்க்கின் ஷாம்பிள்ஸ் தெருவின் படம் இன்று பரிசுப்பொருளாக விற்கிறது. மாடிகள் ஒன்றையொன்று தொடுவதுபோல் தெருவின் மேல் கவிந்திருப்பதைப் பார்த்து மயங்குகிறோம். அது கசாப்புக்காரர் தெரு. 1872இல்கூட அங்கே இருபத்தைந்து இறைச்சிக் கடைகள் இருந்தன. இரத்தமும் நாற்றமும் தாளில் ஏறாது என்பது உண்மை. ஆனால் கூர்ந்து பார்க்கிறவருக்குச் சன்னல்களுக்குக் கீழே இறைச்சியைப் பரப்பிய அகலப் பலகை தெரியும், மேலே அதைத் தொங்கவிட்ட கொக்கியும் தெரியும். கொக்கியை விடாமல் வரைந்த படம் உண்மையை மறைக்கவில்லை. கொக்கியை நீக்கிவிட்டுப் பூந்தொட்டி வைத்த படத்தை நான் சுவரில் மாட்டமாட்டேன்.

உள்ளதை உள்ளபடி வரைந்துவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவ்வூர்ப் பேராலயமான மின்ஸ்டரின் கூரை சொல்கிறது. 1840இல் பிடித்த தீயில் நடுமண்டபத்தின் மரக்கூரை எரிந்தது. அதிலிருந்த இடைக்காலச் செதுக்குக் குமிழ்களும் போயின. தீக்கு முன்பே ஜான் பிரவுன் என்பவர் அவற்றை வரைந்து வைத்திருந்ததால் மறுபடி செதுக்க முடிந்தது. ஒன்றில் மட்டும் கைவைத்தார்கள். குழந்தை ஏசுவுக்கு மரியாள் முலையூட்டும் காட்சி அக்காலத்தவர் கண்ணுக்குக் கூச்சமாகப் பட்டிருக்கிறது. புதிய குமிழில் மரியாள் புட்டிப்பால் கொடுக்கிறாள். இன்று தலையை அண்ணாந்து பார்ப்பவர் காண்பது அந்தப் புட்டியைத்தான். தாய் தன் முலையைத்தான் கொடுத்தாள் என்பதற்கு பிரவுனின் கோடுகள் இருக்கின்றன.