கூர்மையும் கொல்லாமையும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இல்லறத்தார், மரம் செதுக்கும் கத்தியின் வாய் முறிந்துவிட்டால் அதனைத் தீட்டி மீண்டும் கூர்மையாக்குதல் தகுமா? கைவினை பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இவ்வினா எழுவது இயல்பே.

சமந்தபத்திரர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கொலைக்கு ஏதுவான கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலைப் பயனற்ற தீச்செயல்களுள் ஒன்றாக வைத்தார். அவர் சுட்டும் கருவிகளுள் வாள் உண்டு; மண்வெட்டியும் நெருப்பும் உண்டு. பின்னிரண்டும் இன்றி இல்லறம் நடவாது. ஆகவே குற்றம் பொருளின் கூர்மையில் இல்லை. கையாள்வோரின் நோக்கத்திலும் சோர்விலுமே உள்ளது என நாம் தெளியலாம்.

மழுங்கிய கத்தி தீங்கற்றது என எண்ணுதலும் பிழை. அது மரத்தில் எளிதில் இறங்காது. மிகுதியாக அழுத்தவே, வழுக்கிக் கையைக் கிழிக்கும். மரத்தையும் பிய்த்துப் பாழாக்கும். கூரிய கத்தியோ சிறு விசைக்கே பணியும். எனவே கருவியைச் செம்மை செய்தலும் விழிப்புணர்வின் ஒரு பகுதியே.

அதற்குப் பொறுமை வேண்டும். முறிவு ஓரிடத்தில்தான், ஆயினும் அதன் ஆழம்வரை வாய் முழுவதையும் சொரசொரப்பான கல்லில் தேய்த்துக் குறைக்க வேண்டும். பின்னர் இருபக்கச் சரிவும் சேர்ந்து 20 முதல் 25 பாகை அமையுமாறு தீட்டி, நுண்ணிய கல்லில் முடிக்க வேண்டும். விரைவு கருதிச் சுழலும் சாணையில் அழுத்திப் பிடித்தால் எஃகு சூடேறும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம் பாய்ந்து, பதம் கெடும். கல்லை நனைக்க ஒரு கிண்ணம் வடிகட்டிய நீர் போதும்.

உண்மையான சோதனை இறுதியில் வருகிறது. தீட்டிய வாய்க்கு மெருகேற்றுவது பெரும்பாலும் தோற்பட்டையில். அதன்மேல் பூசும் மெருகுக் கட்டிகள் சிலவற்றில் விலங்குக் கொழுப்பும் கலந்திருக்கும். கைவினைக்கு இது தவிர்க்க இயலாதது என்பர் சிலர். அவ்வாறன்று. சமமாக இழைத்த மென்மரப் பலகையில் குரோமியம் ஆக்சைடுத் தூளைச் சிறிது கனிம எண்ணெயுடன் குழைத்துத் தடவி, கத்தியை அதன் முதுகுப்புறம் நோக்கி இழுத்தால் வேண்டிய கூர்மை கிட்டும்.

தவிர்க்க இயலாத தீங்கு எது, வழக்கத்தால் மட்டுமே தொடரும் தீங்கு எது எனப் பிரித்தறிதலே இல்லறத்தாரின் நுண்ணறிவு. முன்னதைக் குறைப்போம், பின்னதை விடுவோம். பிள்ளைகளுக்குத் தீட்டக் கற்பிக்கும்போது இதனையும் உடன் கற்பிப்போமாக.