திலகவதியார் தம்பிக்குத் தந்தது



கோயிலில் உழவாரப் படையோடு நிற்கிற அப்பர் சுவாமிகளை முதியவராகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவரும் ஒரு காலத்தில் அப்பா அம்மாவை இழந்த சிறு பிள்ளைதான். பெயர் மருணீக்கியார், ஊர் திருவாமூர். தந்தை புகழனார் நோயில் இறந்தார். தாய் மாதினியாரும் கூடவே உயிர்விட்டார். அக்காள் திலகவதியாருக்கு 12 வயதில் பேசி முடித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் பின்னாலேயே வந்தது. இனி நானும் இருக்கமாட்டேன் என்று அந்தப் பெண் துணிந்துவிட்டார்.

தம்பி அவர் காலில் விழுந்தார். உங்களைக் கும்பிடலாம் என்றுதானே உயிரோடு இருக்கிறேன், நீங்கள் போவதானால் நான் முன்னால் போகிறேன் என்று அழுதார். பெரியபுராணத்தில் என்னால் தாண்டிப் போக முடியாத இடம் இது.

மருணீக்கியார் வாய்விட்டுச் சொன்னார். அப்பாவையோ அம்மாவையோ இழந்த நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வதில்லை. விட்டிருந்த படுக்கை நனைப்பு ஐந்து வயதுக் குழந்தைக்குத் திரும்ப வருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட நேரத்தில் வயிறு வலிக்கிறது. பெரியவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். அடியில் கிடப்பது ஒரே பயம்: நீயும் என்னை விட்டுப் போய்விடுவாயா?

நாமோ, அப்பா தூங்குகிறார் என்கிறோம். குழந்தை தூங்கவே பயப்படுகிறது. ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறோம். அது வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. சாமி கூட்டிக்கொண்டார் என்று சொல்லி, ஆண்டவனைப் பிள்ளை பிடிக்கிறவனாக ஆக்கிவிடுகிறோம். அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, நான் உன்னோடு இருக்கிறேன் என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். கொள்ளிக்குடம் சுமந்த 14 வயதுப் பையனிடம், இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை என்கிறார்களே, அந்தப் பேச்சை விடுங்கள். அவன் அழட்டும். நீங்களும் அவனுக்கு மறைக்காமல் அழுங்கள்.

திலகவதியார் தம்பிக்குத் தத்துவம் பேசவில்லை. அவருக்காக உயிர் தாங்கி, நகை களைந்து, வீட்டிலேயே தவமிருந்தார். அந்த நிழலில் வளர்ந்த தம்பி, உலகம் நிலையாதென்று கண்டு, அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தலும் வைத்தார், சோலை வளர்த்தார், குளம் வெட்டினார். துக்கத்துக்குக் கைவேலை கிடைத்தது. பிறகு சமணம் போனார். அக்காள் கலங்கினார், ஆனாலும் விரட்டிப் போகவில்லை. திருவதிகையில் கோயில் வாசல் பெருக்கி, மெழுகி, பூத்தொடுத்து, தம்பிக்காக வேண்டியபடி இருந்தார். சூலை நோய் குடலை முறுக்கியபோது தம்பி தேடி வந்தது அவரைத்தான்.

இழப்புக்குப் பிறகு கோயிலுக்கே வரமாட்டேன் என்று நிற்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இழுத்து வராதீர்கள். அவனுக்காக நீங்கள் வந்து வேண்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.