நடுக்கமும் அறிவும்

நடுக்குவாத நோயினை ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விரித்துரைத்தார். மூளையின் ஆழத்தே நுண்கம்பி வழி மின்னோட்டஞ் செலுத்தி நடுக்கத்தை அடக்கும் இக்கால முறைக்குப் பிரெஞ்சு மருத்துவர் பெனபீத் 1987-இல் வழிகோலினார். களக்காட்டுக்கு மலைக்கப்பாலுள்ள திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் இது செய்யப்படுகின்றது.

இம்மின்னோட்டத்தாற் சிலர்க்கு மனநிலையும் வேறுபடக் கண்டு, மூளையே உயிர் என்பாரும் உளர். அது பொருந்தாது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களும் சடமே என்பது சித்தாந்தத் துணிபு. சடத்தைச் சடம் திரித்தல் வியப்பன்று. இசைத்தூண் பழுதுற்றால் இசை கெடும். அதனால் தூணே இசைவாணன் ஆகிவிடாது. 'கை நடுங்கிற்று, இப்பொழுது ஓய்ந்தது' என இருநிலையையும் அறிந்து நிற்பது உயிரே.

ஆதலின், குணம் வேறுபட்டாரை 'இவர் அவரல்லர்' எனச் சுற்றத்தார் ஒதுக்கற்க. வினைப்பயனென்று நோயாளரைக் கைவிடுதலும் அறமன்று. திருநீறெடுக்கும் கை நடுக்கம் நீங்க உதவுதலும் சிவத்தொண்டேயாம்.