கையில் துப்பாக்கி வந்த பிறகு

புதிதாக வாங்கிய காற்றுத் துப்பாக்கியை திண்டுக்கல்லை அடுத்த ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சோதித்துப் பார்த்தபோது முதலில் மாறியது என் கண்தான். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த ரெட்டைவால் குருவி, வேலியில் தலையாட்டிய ஓணான், முருங்கைக் கிளையில் ஓடிய அணில் எல்லாம் தினம் பார்ப்பவைதான். அன்று அவை தூரக் கணக்காகத் தெரிந்தன. யார் மேலும் கோபமில்லை, பசியுமில்லை. ஆனாலும் சுட ஏதாவது வேண்டும் என்று விரல் கேட்டது. புதிதாக ஒரு பலம் கைக்கு வரும்போது எதன்மேல் அதைக் காட்டுவது என்ற கேள்வி, துப்பாக்கி வாங்காதவருக்கும் உண்டு. பதவி கிடைத்தவருக்கு, கையில் பணம் புரளத் தொடங்கியவருக்கு, நாலு பேர் கேட்கும்படி பேச வாய்த்தவருக்கு.

துப்பாக்கி சின்னதுதான். 4.5 மில்லிமீட்டர் துளை. குழலுக்குக் கீழே இருக்கும் முன்பிடியை விரித்து மடக்கினால் உள்ளே காற்று இறுகும். ஒவ்வொரு அடிக்கும் அழுத்தம் ஏறும், தோளும் வலிக்கும். ஒரு குண்டு போனால் மறுபடி முதலிலிருந்து பம்ப் அடிக்க வேண்டும். இந்தச் சிரமம் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு குண்டுகளுக்கு நடுவே யோசிக்க அது நேரம் தருகிறது. உதைப்பு அநேகமாக இல்லை, ஆகையால் குறி தப்பினால் துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் முன்குறி துடிப்பது தெரியும். அது நம் நாடித் துடிப்பு.

மண்சுவரில் சாய்த்த அட்டைப் பெட்டியில் தாள் ஒட்டிச் சுட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் பையன் வந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணே, தாளைப் போய்ச் சுடுறீங்களே. அந்தா கொக்கு நிக்குது பாருங்கண்ணே, அதை அடிங்க" என்றான். அவன் கெட்டவனில்லை. எங்கள் பக்கத்தில் ஏர் கன் என்றாலே குருவி சுடுவதற்கு என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் பலூன் சுடும் கடையைத் தவிர, துப்பாக்கியால் வேறு எதையும் குறி பார்க்கலாம் என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. அவனிடம் துப்பாக்கியைக் கொடுக்காமல், தாளைக் கொடுத்து ஒட்டச் சொன்னேன்.

கௌதாரியும் காடையும் திரிகிற சமவெளி இது. இவற்றை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த அளவுள்ள, 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்போகாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. உரிமம் வேண்டாம் என்பதைப் பலர் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். மயில் இறங்கிக் கடலைக்காட்டைக் கிளறுகிறது, பன்றி இரவோடு இரவாக மக்காச்சோளத்தைச் சாய்த்துவிடுகிறது. விவசாயியின் அந்த வயிற்றெரிச்சல் நியாயமானது, அரசு பதில் சொல்லியே ஆக வேண்டியது. ஆனால் இந்தச் சிறு ஈயக்குண்டு அதற்குப் பதிலாகாது. மயில் அளவு பறவையை இது பெரும்பாலும் கொல்லாது, காயப்படுத்தும். குண்டு பட்டது முள்வேலிக்குள் போய் ஒளிந்து நாள் கணக்கில் துடித்துச் சாகும். சுட்டவன் அதைப் பார்ப்பதில்லை.

சாலிம் அலியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. சிறுவனாக இருந்தபோது ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டதால்தானே அவர் பறவையியல் அறிஞரானார் என்பார்கள். கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்த அந்தக் குருவி என்ன இனம் என்று தெரிந்துகொள்ள அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அவரை ஆளாக்கியது அந்தக் கேள்வி. குருவி சுட்ட பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், படியேறிக் கேட்டவர் அவர்.

இதே 4.5 மில்லிமீட்டர் துளையுள்ள காற்றுத் துப்பாக்கியால்தான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றதும் இதே காற்றுத் துப்பாக்கிப் பிரிவில். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் தாளில், பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். ஓர் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி அளவு. அதைத் தொட வருடக்கணக்கில் உடம்பையும் மனசையும் அடக்கிப் பழகுகிறார்கள். கொக்கின் மார்பு அதைவிட எத்தனை மடங்கு பெரியது! பெரிய இலக்கை அடித்துப் பெருமைப்படுவதைவிட, சின்னப் புள்ளியில் தோற்றுத் தோற்றுப் பழகுவது மேல் என்றே நினைக்கிறேன்.

1755இல் ஹைதர் அலி இந்தத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர் உதவியோடு ஆயுதச் சாலை அமைத்தார். மலைக்கோட்டை நிழலில் இருக்கும் எங்களுக்கு ஆயுதம் புதிதல்ல. எதற்காக எடுக்கிறோம் என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். எடுத்த பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அதற்குக் காரணமாகிவிடும்.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்பாக்கி வாங்கும் அன்றே இலக்குத் தாளும் வாங்குங்கள். பின்னால் மண்சுவரோ மணல்மூட்டையோ இல்லாத இடத்தில் சுடாதீர்கள். குண்டு ஈயம், கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.